கிரிவலம் முடிந்து கடலுக்கு: புதுச்சேரியில் எந்தக் கரை?

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரும் வெளியூர்க் குடும்பங்களில் பல, இரவு மலையைச் சுற்றிவிட்டு மறுநாள் கடலையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புகின்றன. பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவண்ணாமலை தாண்டி நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் புதுச்சேரி. பிள்ளைகளைப் பதினான்கு கிலோமீட்டர் நடக்க வைப்பதற்கே, ‘நாளைக்கு பீச்சுக்குப் போலாம்’ என்ற பேச்சுதான் பல வீடுகளில் கைகொடுக்கிறது.

சிக்கல் புதுச்சேரியில் இறங்கியபின் தொடங்கும். “எந்த பீச்சுங்க?” என்பார் ஆட்டோக்காரர். அதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் குறைவு. “நல்ல பீச்சா பாத்து விடுங்கண்ணே” என்றால், அவருக்கு எது தூரமோ அதுவே நல்ல பீச் ஆகிவிடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வடக்கே கனகசெட்டிக்குளத்திலிருந்து தெற்கே மூர்த்திக்குப்பம் வரை புதுச்சேரியும் இடையில் புகுந்து கிடக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களுமாகக் கரை நீள்கிறது. ஒரு இடத்தில் மணலே கிடையாது. இன்னொரு இடத்தில் மணல் இருக்கும், படகு ஏறித்தான் போகவேண்டும். மற்றோர் இடம் பார்க்க அழகாக இருக்கும், காலை நனைத்தால் ஆபத்து.

மூன்று நான்கு கரைகளை ஒரே நாளில் முடித்துவிடும் திட்டத்தை இந்த அத்தியாயம் ஆதரிக்கவில்லை. இரவு முழுக்க நடந்த காலோடு போகிறீர்கள். ஒரே ஒரு கரையைச் சரியாகத் தேர்ந்து போய் உட்காருங்கள். நேரம் மிஞ்சினால் மாலையில் கடற்கரைச் சாலையைச் சேர்த்துக்கொள்ளலாம், அது ஊருக்குள்ளேயே இருக்கிறது.

மணல் எங்கே போனது

எந்தக் கரையில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள, துறைமுகத்தின் கதை ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்குப் பக்கமிருந்து சாய்வாக வந்து மோதும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளிவிட்டுத் திரும்பும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் இந்த ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்குச் சுவரில் முட்டி அங்கேயே குவிந்தது. நகரத்தின் முன்னால் இருந்த மணற்கரை வரத்து நின்று கரைந்துபோனது. கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அதோடு நிற்கவில்லை, அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்ட, அதற்கடுத்த குப்பத்தில் வீடுகள் விழுந்தன. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே போகப் போக இந்தக் கதைதான்.

ஆகவே துறைமுகத்துக்குத் தெற்கே போனால் அகலமான மணல். நகரத்தில் கல். வடக்கே குறுகலான கரை, பெரிய அலை. ஓரிரண்டு விலக்குகள் உண்டு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன். மணலில் வீடு கட்டி விளையாட ஆசைப்படும் பிள்ளையைச் சாலையோரக் கருங்கல்லில் உட்கார வைத்துவிட்டு ‘இதுதான் பீச்’ என்று சொல்லிச் சமாளிக்கும் பெற்றோரை அங்கே நிறையப் பார்க்கலாம். அவர்கள் வரிசையில் நீங்கள் சேரவேண்டாம்.

போகும் வழி

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர் பேருந்து கிடைக்காவிட்டால் திண்டிவனம் போய் மாறலாம், அங்கிருந்து புதுச்சேரிக்கு அடிக்கடி வண்டி உண்டு. பௌர்ணமி நாட்களில் ஊருக்குள் பேருந்தை விடமாட்டார்கள். ஒவ்வொரு ஊர்ச் சாலையின் முகப்பிலும் தற்காலிக நிலையம் போடுவார்கள். கிரிவலத்தை எங்கே முடிக்கிறீர்கள், உங்கள் பேருந்து எந்த முகப்பில் நிற்கும் என்பதை முன்பே விசாரித்து வையுங்கள். இல்லாவிட்டால் பதினான்கு கிலோமீட்டரோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். அமாவாசையன்று போகிறவர்களுக்கு வேறு தொல்லை: மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டத்தில் செஞ்சி வழிப் பேருந்துகள் நிரம்பி வழியும்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். இரவெல்லாம் நடந்தவர் விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது. ஒன்று, ஓட்டுகிறவர் மலை சுற்றாமல் அறையில் தூங்கட்டும். அல்லது எல்லோரும் காலை ஒன்பது மணிவரை தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். கடல் எங்கும் போய்விடாது.

செஞ்சியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் கோட்டை மலைகள். 2025ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் இதுவும் ஒன்று. 1750லிருந்து 1761 வரை இது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் இங்கிருந்து கொண்டுபோன கல்தூண்கள் இன்றைக்கும் புதுச்சேரி கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அந்தத் தூண்களைத் தவிர இன்னொன்றும் செஞ்சியிலிருந்து கடலுக்குப் போகிறது, அதைப் பாரடைஸ் கடற்கரையில் சந்திப்போம்.

பேருந்து கோரிமேடு, ஜிப்மர் தாண்டி ஊருக்குள் நுழையும். வடக்குக் கரைகளுக்குப் போகிறவர்கள் பேருந்து நிலையம்வரை போகாமல் ராஜீவ் காந்தி சிலையருகே இறங்கிக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை அங்கிருந்துதான் பிரிகிறது. தெற்கே போகிறவர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கி, கடலூர் சாலையில் போகும் பேருந்தைப் பிடிக்கவேண்டும்.

கடற்கரைச் சாலை

ராக் பீச், காந்தி பீச், புரோமனாட் என்று எப்படிக் கேட்டாலும் இங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். ஒன்றரை கிலோமீட்டர் நீளச் சாலை. வடக்கே தலைமைச் செயலகம், நடுவில் காந்தி சிலை, 1836ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், 1938ல் எழுப்பிய பிரெஞ்சுப் போர் நினைவிடம். தெற்கே போனால் துய்ப்ளே சிலை. மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரைவரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆறு மணிக்குப் போலீஸ்காரர்கள் தடுப்பை இழுத்துப் போட்டதும் ஹாரன் சத்தம் அடங்கி, அலைச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் சாலை முழுக்கப் பிள்ளைகள்.

கிரிவலம் முடித்த காலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கட்சி. தார்ச் சாலையிலும் சிமெண்ட் நடைபாதையிலும் வெறுங்காலோடு நடந்த பாதத்தில் எங்காவது ஒரு கொப்புளம் இருக்கும். சூட்டு மணலில் அந்தக் காலை வைத்தால் உயிர் போகும். மணல் அப்பிய கொப்புளம் உடைந்தால் உப்புத் தண்ணீரில் எரியும், பிறகு சீழ் பிடிக்கும். கடற்கரைச் சாலையில் அந்தத் தொல்லை கிடையாது. சுவர்மேல் காலைத் தொங்கப் போட்டு உட்காரலாம். சுண்டல், மாங்காய், பஜ்ஜி உட்கார்ந்த இடத்துக்கே வரும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடை குறைவு. மணக்குள விநாயகர் கோயில் இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமையானால் மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட்டும் சேர்ந்துகொள்ளும்.

கற்களில் மட்டும் இறங்காதீர்கள். மேலே நிற்கும் கல் காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். இரண்டு கல் கீழே போனால் பச்சைப் பாசி, அதன்மேல் கால் நிற்காது. வழுக்கினால் இடுக்கில் கணுக்கால் மாட்டும். செல்ஃபிக்காக இறங்கிக் கட்டுப் போட்டுத் திரும்புகிறவர்கள் எல்லா வாரமும் உண்டு.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் கொஞ்சம் மணல் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடித்துக் கொடுத்த யோசனைப்படி, 2018 வாக்கில் கடலுக்கடியில் பெரிய இரும்புக் கட்டுமானம் ஒன்றை இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது உடைக்க, போன மணலில் ஒரு பங்கு திரும்பி வந்தது. குழந்தைகளின் மணல் ஆசையை அரைமணி நேரத்தில் தீர்க்க இது போதும். குளிக்க உகந்த இடமல்ல.

பௌர்ணமிக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி லாபம். கரை கிழக்கு பார்த்தது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டி நிலா எழும். மறுநாள் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளி எழும். முந்தைய இரவு மலைக்கு மேலே பார்த்த அதே நிலாவை, மறுநாள் மாலை ஏழு மணி சுமாருக்குச் சிவந்த தட்டாகக் கடலுக்குள்ளிருந்து வரப் பார்க்கலாம். வானம் தெளிவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். சூரிய உதயம் பார்க்க நினைப்பவர்கள், மே, ஜூனில் ஐந்தே முக்கால் சுமாருக்கே உதித்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறரை ஆகும் என்பதை நினைவில் வைத்துக் கிளம்பவேண்டும்.

பாரடைஸ் கடற்கரை

கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம். பாலத்தருகே சுண்ணாம்பாறு படகு குழாம். புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. டிக்கெட் வாங்கி, உப்புப் பூத்த ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறினால், இருபது நிமிடம் ஆற்றின்மேல் பயணம். இரண்டு பக்கமும் தென்னை, அலையாத்திப் புதர்கள். ஆறு கடலைத் தொடும் இடத்தில், ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் கடலுமாக அகலமான மணல் திட்டு.

இந்த ஆறுதான் செஞ்சியிலிருந்து வருவது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் புறப்படும் சங்கராபரணி, புதுச்சேரிக்கு அருகே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. காலையில் பேருந்து ஜன்னலில் பார்த்த வறண்ட ஆற்றில், மதியம் படகு விடுகிறீர்கள். இங்கே படகு ஓட வைப்பது பெரும்பாலும் கடலிலிருந்து உள்ளே ஏறும் உப்புத் தண்ணீர்தான்.

பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தேர்வு. படகும் உண்டு, மணலும் உண்டு. ஆனால் அரை நாளை முழுதாக விழுங்கும். ஞாயிற்றுக்கிழமையில் டிக்கெட் வரிசை ஒன்று, படகுக்கு வரிசை ஒன்று, திரும்பி வரும் படகுக்கு இன்னொன்று. மாலையில் கடைசிப் படகுக்குக் கூட்டம் முண்டும். காலை ஒன்பது மணிக்குக் குழாம் வாசலில் நிற்பவர்கள் நிம்மதியாகப் போய் வருவார்கள். பதினொன்றுக்கு வருகிறவர்கள் வெயிலையும் வரிசையையும் சேர்த்து அனுபவிப்பார்கள். மதியம் அந்த மணலில் நிழல் கிடைப்பது அரிது, செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. ஊரில் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது. குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆறு கடலில் சேரும் முனைக்குப் பக்கத்தில் மட்டும் போகவேண்டாம். பார்க்க அமைதியாக இருக்கும், அடியில் இழுவை பலமாக இருக்கும். உயிர்காப்பாளர் விசில் ஊதினால் முறைக்காமல் திரும்பி வாருங்கள். எந்த இடத்தில் யாரை இழுத்தது என்று அவருக்குத் தெரியும்.

ஈடனும் வீராம்பட்டினமும்

குளிக்கத்தான் வேண்டும், அதுவும் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து குளிக்கவேண்டும் என்றால் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை. 2021ல், சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தோடு சேர்த்து நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்குத் தண்ணீரின் தரத்தைச் சோதிக்கவேண்டும், கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் குளியலும் இருக்கவேண்டும், குளிக்கும் பகுதியை மிதவை கட்டிப் பிரித்து உயிர்காப்பாளரை நிறுத்தவேண்டும். நுழைவுக் கட்டணம் உண்டு. கடலுக்கு எதற்குக் கட்டணம் என்று கோபப்படுகிறவர்கள், ஈரச் சேலையோடு உடை மாற்ற மறைவு தேடி ஒருமுறை அலைந்தால் பணத்தைச் சிரித்த முகத்தோடு நீட்டுவார்கள்.

பக்கத்திலுள்ள வீராம்பட்டினம் பெரிய மீனவ ஊர். படகும் வலையும் கருவாடும் கிடக்கும் உழைக்கும் கரை. சுற்றுலாக்காரர்கள் வலையை மிதித்துக்கொண்டு படம் எடுப்பதை அங்குள்ளவர்கள் விரும்புவதில்லை, அதில் நியாயம் இருக்கிறது. ஆடி வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் நாளில் போனால் வேறு காட்சி. ஆட்சியில் இருப்பவர் வந்து வடம் பிடிக்கும் பிரெஞ்சுக் காலத்து வழக்கம் இன்றும் தொடர்கிறது. போகும் வழியில் அரிக்கமேடு. 1945ல் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானியரோடு நடந்த வாணிபத்தை உலகுக்குக் காட்டிய இடம். தரைக்கு மேலே பார்க்க அதிகம் இல்லை. சரித்திரப் பித்து உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம், பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ‘கடல் எங்கே?’ என்று கேட்டுவிடுவார்கள்.

இன்னும் தெற்கே நரம்பை, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம். கூட்டம் குறைவு, கடையும் குறைவு. வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சொல்வேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பகுதி இது, இரவில் மணலில் விளக்கும் வண்டியுமாகப் போகாதீர்கள்.

வடக்கே: பார்க்கவா, குளிக்கவா?

தந்திராயன்குப்பத்தில் உள்ள கரைக்கு செரினிட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிர்வாகக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகளுக்கு நடுவே அலை நன்றாக எழும்பி உடையும். அதனால்தான் அலைச்சறுக்கு கற்க வெளிநாட்டவரும் பெங்களூரு இளைஞர்களும் இங்கே கூடுகிறார்கள். நீச்சல் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் காலை ஆறு, ஏழு மணிக்குப் பயிற்சியாளரோடு இறங்கினால் நல்ல அனுபவம். சறுக்குப் பலகை இல்லாமல் வெறுமனே இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாட ஏற்ற இடம் இல்லை. கல் தடுப்பின் ஓரத்தில்தான் தண்ணீர் உள்ளே திரும்பி ஓடும்.

ஆரோவில் கடற்கரை என்ற பெயரில் பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கத்தில் மணல் பெருமளவு போய்விட்டது. ஆரோவிலுக்குப் போகிறீர்கள் என்றால், அதை முடித்துக்கொண்டு போகிற போக்கில் கரையை எட்டிப் பார்க்கலாம், அதற்காகவே போகவேண்டாம். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கும் ஆரோவிலுக்கும் இடையே ஜோல்னாப்பையோடு போய் வரும் வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பக்கம் அத்துப்படி. எந்தக் கரையில் இந்த மாதம் நிற்க இடம் இருக்கிறது என்று ஆசிரமத்தின் எதிரே டீக்கடையில் அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பௌர்ணமிக்கு இங்கேயும் பங்கு உண்டு, ஆனால் லாபமாக இல்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதம் வழக்கத்தைவிட அதிகம் ஏறி, அதிகம் வடியும். ஏறி நிற்கும் வேளையில் வடக்கே சில இடங்களில் தண்ணீர் கல்வரை வந்துவிடும், உட்கார மணல் இருக்காது. வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரையாவது “தண்ணி எப்ப வத்தும்ணே?” என்று கேளுங்கள். கைப்பேசியைவிடச் சரியாகச் சொல்வார்.

வைத்திக்குப்பம் கரையை ஆண்டில் ஒரு நாளுக்காக மட்டும் இங்கே சேர்க்கிறேன். மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் உட்படச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் வரிசையாக வந்து தீர்த்தவாரி காண்பார்கள். மாசி மகமும் மாசிப் பௌர்ணமியும் பெரும்பாலும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வரும். அந்தக் கிரிவலத்துக்கு வருகிறவர்கள் தேதி பார்த்துத் திட்டமிட்டால் இரண்டும் கிடைக்கும்.

வம்பாகீரப்பாளையத்தில் பாண்டி மெரினா என்றொரு கரை. துறைமுகத்துக்கு வடக்கே இருந்தும் மணல் இருக்கிறது, நான் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. சாப்பாட்டுக் கடைகளும் விளையாட்டுகளுமாகப் பொருட்காட்சியில் நுழைந்தாற்போல் இருக்கும். ஊருக்குப் பக்கத்தில் மணல் வேண்டும், படகு வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு மாலையில் சரியான இடம். குளிக்க இறங்கவேண்டாம், முகத்துவாரம் அருகிலேயே இருக்கிறது.

தண்ணீரில் இறங்குமுன்

ஏரியிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்கள் கடலில் ஏமாறுவதற்குக் காரணம் இழுவை. அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் ஏதாவது ஒரு வழியாகத் திரும்பிப் போகவேண்டும். அந்த வழியில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்து, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அதைப் பார்த்துத்தான் ‘இங்கே அலை குறைவு’ என்று இறங்குகிறார்கள். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது, கை ஓய்ந்துவிடும். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை தெரியும் இடத்துக்கு வந்து பிறகு கரைக்குத் திரும்பவேண்டும். காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராகக் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போகிறார்கள். கயிறு, காலிக் கேன், மிதவை எது கிடைத்தாலும் எறியுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

புதுச்சேரி என்றதும் சிலருக்கு வேறு ஞாபகமும் வரும். குடித்துவிட்டுக் கடலில் இறங்காதீர்கள். எல்லை தாண்டிப் பாட்டில் கொண்டுவந்து சோதனைச் சாவடியில் மாட்டி, கிரிவலப் புண்ணியத்தைக் காவல் நிலையத்தில் கழிக்கவும் வேண்டாம்.

எந்த மாதம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை கடல் ஒப்பளவில் அடங்கியிருக்கும், வெயிலும் பொறுக்கும். சித்திரைப் பௌர்ணமிக்கு வருகிறவர்கள் மணற்கரைகளைக் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளவேண்டும், அல்லது மாலை நான்குக்குமேல் போகவேண்டும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும், ‘இன்னிக்குப் பிடிச்சது’ என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டாம்.

கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்கள்தான் யோசிக்கவேண்டும். மலையில் பெருங்கூட்டம் கூடும் அதே நாட்கள்தான் வங்கக்கடலில் புயல் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மறுநாள் அதே மழை திருவண்ணாமலையில் மலைச்சரிவைப் பெயர்த்து ஏழு பேரைப் பலிகொண்டது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை முக்கியது. மலைக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டர் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே புயல்தான். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டால், தீபம் பார்த்த கையோடு ஊர் திரும்புங்கள்.

புதுச்சேரி வேண்டாம் என்றால்

நீண்ட வார இறுதிகளிலும் புத்தாண்டை ஒட்டியும் புதுச்சேரியில் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. அப்போது திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாகக் கடலூர் போய்விடலாம். தேவனாம்பட்டினத்தில் உள்ள வெள்ளிக் கடற்கரை நீளமானது, அகலமானது, உள்ளூர்க் கூட்டம் மட்டுமே. போகும் வழியில் பலாப்பழப் பருவமானால் பண்ருட்டியில் நிறுத்தலாம். தை 5ஆம் நாள் மணலூர்ப்பேட்டையில் அண்ணாமலையார் தீர்த்தவாரி காணும் தென்பெண்ணை, கடலூருக்குப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது.

திரும்பும்போது புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை நேர் பேருந்துக்காகக் காத்துக் கிடக்காமல், திண்டிவனம் வண்டி எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள். விழுப்புரம் போய் அங்கிருந்து மாறுவதும் உண்டு. இரவு ஒன்பதுக்குமேல் மாற்று வண்டி குறையும். பெங்களூரு போகிறவர்கள் மறுபடியும் திருவண்ணாமலை வழியாகத்தான் போகவேண்டும், இரவு பேருந்துக்கு முன்பதிவைப் புறப்படும்போதே செய்துவிடுங்கள். மாற்றுத் துணியைத் தனிப் பையில் மேலாக வையுங்கள். ஈர உடையோடு ஏறினால் நடத்துனர் உட்கார விடமாட்டார்.